சனிக்கிழமை ட்ரே

ஜனவரி 7, சனி

பள்ளியில் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பொன்மொழி அச்சடித்திருக்கிறார்கள். இன்றைக்குப் 'பொறுமை கசக்கும், அதன் பலன் இனிக்கும்.' எனக்கே பாடமா? பன்னிரண்டு வருடமாகப் பெண்கள் பள்ளியில் கெமிஸ்ட்ரி லேப் உதவியாளர். பிப்பெட்டை ஐஸ் குச்சி மாதிரி சப்புகிற பிள்ளைகளோடு காலம் தள்ளுகிறவளுக்குப் பொறுமையைப் பற்றி யாரும் சொல்ல வேண்டாம்.

சாயங்காலம் ட்ரே போட்டேன். டைரி என்று இருந்தால் எதையாவது எழுத வேண்டுமே, அதையே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு எரியக் கூடாது. ஓய்வுநாள். அப்பா வைத்த சட்டம். அப்பா போய்ப் பதினைந்து வருடம் ஆகிறது, சட்டம் போகவில்லை. ஆனால் வயிறு சட்டம் கேட்குமா? அதனால் சனிக்கிழமையே ரொட்டி, முட்டை, பால், கொத்துக்கறி எல்லாவற்றையும் ஒரு ட்ரேயில் அடுக்கி ஃபிரிட்ஜில் ஊறவைத்துவிடுவது. ஞாயிறு காலை கோயிலுக்குப் போகிற வழியில் தாசன் அண்ணாச்சி பேக்கரியில் கொடுத்துவிடுவது. அங்கே போர்மாவில், அந்தப் பெரிய விறகு அடுப்பில், விடியற்காலை ரொட்டி எடுத்த பிறகு மிச்சச் சூடு இருக்கும். அதில் வைத்து எடுத்துத் தருவார். ஆராதனை முடிந்து வரும்போது வாங்கிக்கொண்டால் பத்தரை மணிக்குச் சுடச்சுடச் சாப்பாடு. கிறிஸ்மஸ் கேக் மாவை ஊரே அங்கே கொண்டுபோகிறது. வாரா வாரம் போகிறது எங்கள் ட்ரே மட்டும்தான். எரிவது அண்ணாச்சி அடுப்பு என்பதால் அப்பாவும் கண்டுகொள்ளவில்லை.

உப்பு ரொட்டிதான் வேண்டும். இனிப்பு ரொட்டி போட்டால் விளங்காது. முந்தின நாள் ரொட்டியை ஒரு மணி நேரம் வெயிலில் காயப்போட்டேன். முட்டை எட்டு, பால் அறுநூறு மில்லி. லேபில் கழித்துப் போட்ட பீக்கரில் அளப்பதைப் பார்த்து அம்மா இன்னும் முகம் சுளிக்கிறாள்.

மைதாப் பசையில் பெயர்ச் சீட்டு ஒட்டினேன். 'சலோமி' என்றுதான் இன்னும் எழுதுகிறேன். அக்கா மஞ்சள் காமாலையில் போய் மார்ச் வந்தால் இரண்டு வருடம். மாற்றத் தோன்றவில்லை.

ஜனவரி 8, ஞாயிறு

கோயில் முடிந்து அத்தானும் அக்கா மகள் ஜெமியும் வழக்கம்போல நம் வீட்டுக்கு வந்தார்கள். ஜெமிக்கு மூலைத் துண்டு. ஓரம் முறுகலாக இருக்கும், அதுதான் அவளுக்கு வேண்டும். ஏழு வயதுப் பிள்ளை, பச்சை மிளகாயை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் தட்டில் வைக்கிறாள். வாங்கி வாங்கித் தின்றுவிட்டு எனக்குக் காது அடைத்துவிட்டது.

அத்தான் இரண்டு துண்டு சாப்பிட்டார். "நல்லாத்தான் இருக்கு எப்சி. ஆனா சலோமி கை வரல."

அம்மா குனிந்து தண்ணீர்ச் செம்பைத் தேடினாள். செம்பு அவள் எதிரிலேயே இருந்தது.

"வராதுல்லா அத்தான்" என்றேன்.

ஜனவரி 11, புதன்

லேபில் ஒரு பிள்ளை ஆசிட் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தது. மூக்கு அதற்குத்தான் வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். அழுதது. பிறகு நானே கேன்டீனுக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஈ.பி. ஆபீஸ் வழியாக நடந்து வீட்டுக்கு வந்தேன். சுற்றுதான். நடப்பது உடம்புக்கு நல்லது. அத்தானுடைய பைக் ஆபீஸ் வாசலில் நின்றது.

ஜனவரி 14, சனி

அத்தான் போன் செய்தார். நாளைக்கு அவரும் ஜெமியும் அவருடைய சொந்த ஊருக்குப் போகிறார்கள், வரமாட்டார்கள்.

"அடுத்த ஞாயிறு அத்தைகிட்ட ஒரு விசயம் பேசணும் எப்சி. லெந்துக்கு முன்ன முடிக்கணும்னு அம்மா சொல்லுதாவ. ஐயர்கிட்ட ஓலை கொடுக்கணும். அதுக்கு முன்ன உங்க வீட்டுச் சம்மதம் வேணும். நீயும் கட்டாயம் இருக்கணும்."

லெந்து என்கிற நாற்பது நாள் தவக்காலத்தில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். ஓலை என்றால் ஐயர், அதாவது எங்கள் பாதிரியார், வாசிக்கிற கல்யாண அறிவிப்பு. மூன்று ஞாயிறு கோயிலில் வாசித்த பிறகுதான் கல்யாணம்.

"நான் எங்க போவப் போறேன், வீட்லதான் இருப்பேன்" என்றேன்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் ஜெபம் பண்ணினாள். பருப்பு அடிபிடித்துவிட்டது.

ஜனவரி 18, புதன்

பிளவுஸ் தைக்கக் கொடுத்தேன். பழையது எல்லாம் இறுக்கமாகிவிட்டது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஜனவரி 21, சனி

கறிக்கடைக்கு ஆறரைக்கே போனேன். கொத்துக்கறியை இரண்டு தடவை கொத்தச் சொன்னதற்குக் கடைக்காரர், "என்ன டீச்சர், வீட்ல விசேசமா?" என்றார். "சும்மா கொத்தும்" என்றேன். லேப் உதவியாளர் என்று எத்தனை தடவை சொன்னாலும் ஊருக்கு நான் டீச்சர்தான்.

சீஸ் இரண்டு பாக்கெட். ஜெமிக்காக மிளகாயைக் குறைத்து மிளகைக் கூட்டினேன். பாலும் முட்டையும் கலந்ததைப் பாதி ஊற்றி, கால் மணி நேரம் விட்டு, உள்ளங்கையால் மெல்ல அழுத்தி, அப்புறம் மீதியை ஊற்ற வேண்டும். எல்லாச் சூட்சுமமும் அந்த அழுத்துவதில்தான் இருக்கிறது. கை வலிக்க அழுத்தினால் ரொட்டி கூழாகிவிடும், பயந்து தொட்டால் நடுவில் ரொட்டி வறண்டு நிற்கும்.

பெயர்ச் சீட்டு எழுத உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். பிறகு 'சலோமி' என்றே எழுதினேன். ஒரு வாரத்தில் என்ன கெட்டுப்போகிறது?

ஜனவரி 22, ஞாயிறு

அத்தான் சாப்பிடுமுன்னேயே பேசிவிட்டார். ட்ரேயை நான் அப்போதுதான் வெட்டிக்கொண்டிருந்தேன். ஜெமி வாசலில் பூனையைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு சாயர்புரம், அத்தை. நர்ஸு. பேரு ரோஸ்லின். முப்பத்தொண்ணு வயசு. நல்ல குடும்பம். ஆனா நீங்க சரின்னு சொன்னாத்தான். சலோமி அம்மா நீங்க. உங்களக் கேக்காம நான் ஓலை கொடுக்க மாட்டேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். அவள் பார்த்தது அத்தானுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"சில பேரு எப்சியவே கேட்டா என்னன்னாவ. நான்தான் சத்தம் போட்டேன். எப்சி எனக்குக் கூடப் பொறந்த தங்கச்சி மாதிரி. அப்படி நெனைக்கவே எனக்குக் கூசும். இல்லையா எப்சி?"

"ஆமா அத்தான்" என்றேன். "பொம்பளப் பிள்ள வளருத வீடு. ஒரு ஆளு வேணும்லா."

அவர் கண் கலங்கியது. என் கையைப் பிடித்து, "நீ இப்படித்தான் சொல்லுவேன்னு தெரியும்" என்றார். பிறகு மூன்று துண்டு சாப்பிட்டார். நான்தான் பரிமாறினேன். ஒரு துண்டும் உடையவில்லை. அதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது, எழுதிவைக்கிறேன்.

போகும்போது திரும்பி, "இன்னைக்கு ரொம்பக் கிட்ட வந்துட்ட எப்சி. சலோமி கைக்கு ஒரு நூல்தான் குறைச்சல்" என்றார்.

ஜனவரி 23, திங்கள்

பள்ளிக்குப் போகவில்லை. தலைவலி.

ஜனவரி 24, செவ்வாய்

தலைவலி.

ஜனவரி 26, வியாழன்

கொடியேற்றிவிட்டு ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்தேன். அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து உரித்தேன். கண்ணீருக்குக் காரணம் கேட்கமாட்டார்கள் என்ற வசதி வெங்காயத்தில் உண்டு.

அம்மா தானாகவே, "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுட்டி" என்றாள்.

எந்த அன்றைக்கு என்று கேட்க வேண்டியதில்லை. எழுதிவிடுகிறேன். இந்த வீட்டுச் சுவருக்கும் தெரியும், டைரிக்குத் தெரிந்தால் என்ன.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, கோயில் முடிந்து அத்தான் வீட்டார் சலோமியைப் பெண் பார்க்க வந்தார்கள். அடுப்பு எரியாத நாள், ட்ரேதான் இருந்தது. முந்தின நாள் நான் போட்ட ட்ரே. அத்தான் ஒரு துண்டு தின்றார், இன்னொன்று கேட்டார், மூன்றாவதும் கேட்டார். "இது யாரு செஞ்சது?" என்று அவருடைய அம்மா கேட்க, எங்கள் அம்மா, "சலோமிதான். சனிக்கிழம ஆனா அவளுக்கு இதான் வேல" என்று சொல்லிவிட்டாள். பெண் பார்க்க வந்த வீட்டில் எந்தத் தாயும் சொல்லுகிற பொய்தான். சலோமிக்கு வெந்நீர் வைக்கத் தெரியும், அவ்வளவுதான். அவள் கதவு மறைவில் இருந்த என்னைத் திருட்டு முழி முழித்துப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருபத்துநாலு வயதில் எல்லாம் சிரிப்புதான்.

கல்யாணமாகி அடுத்த தெருவுக்குப் போனாள். முதல் சனிக்கிழமையே வயர் கூடையில் காலி ட்ரேயோடு பின்வாசல் வழியாக வந்தாள். "ஏட்டி எப்சி, இந்த ஒரு தடவட்டி. அவிய ஆபீஸ் பூராவும் என் ட்ரேயப் பத்திப் பெருமையாச் சொல்லிருக்காவ." இந்த ஒரு தடவை என்று பத்து வருடம். போட்டது நான். 'சலோமி' என்று சீட்டு எழுதி ஒட்டினதும் நான். அவள் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஞாயிறு காலை அவள் பேக்கரியில் கொடுத்து, வாங்கி, இங்கே கொண்டுவருவாள். எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுவோம். "இந்தக் கைக்குத்தான் நான் விழுந்தேன்" என்று அத்தான் அவள் கையைப் பிடிப்பார். நான் எதிரே உட்கார்ந்து ஜெமிக்கு ஊட்டிக்கொண்டிருப்பேன்.

அவள் செத்த பிறகு, "அக்கா சொல்லிக் கொடுத்தா" என்று சொல்லி நானே கொண்டுபோக ஆரம்பித்தேன். அதே ரொட்டி, அதே பீக்கர், அதே கை. இரண்டு வருடமாக வாரா வாரம் அவர் சொல்லுகிறார், சலோமி கை வரவில்லை என்று.

"இப்பச் சொல்லலாம்லாம்மா?" என்று கேட்டேன்.

"என்னன்னு சொல்லுவ? செத்தவ பத்து வருசமா ஏமாத்தினான்னா? அவன் அந்த நெனப்ப வச்சித்தானட்டி நாளக் கடத்துதான்."

நானும் அதை வைத்துத்தான் நாளைக் கடத்துகிறேன் என்று சொல்ல வாய் வந்தது. வெங்காயத்தை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஜனவரி 29, ஞாயிறு

முதல் ஓலை. 'தாரமிழந்தவராகிய ஆசீர்' என்று ஐயர் வாசித்தபோது முன் வரிசையில் மூன்று தலை என் பக்கம் திரும்பின. வேதாகமத்தில் அட்டவணைப் பக்கத்தைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 5, ஞாயிறு

இரண்டாம் ஓலை. ட்ரேயின் ஓரம் கருகிவிட்டது. அண்ணாச்சி மன்னிப்புக் கேட்டார். ஜெமி கருகினதுதான் நல்லா இருக்கு என்று சொல்லி எனக்காகத் தின்றாள். இந்தப் பிள்ளையை இனி யார் தலை பின்னிக் கோயிலுக்குக் கூட்டிவருவார்கள் என்பது தெரிந்துவிட்டது. நான் இல்லை.

பிப்ரவரி 12, ஞாயிறு

மூன்றாம் ஓலை. தடை ஏதாவது இருக்கிறது என்று தெரிந்தவர்கள் இப்போதே சொல்ல வேண்டும் என்று ஐயர் நிறுத்தினார். எல்லாக் கல்யாணத்துக்கும் அந்த இடத்தில் நிறுத்துவார். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும்.

எனக்கு இருமல் வந்தது. ஐயர் நிமிர்ந்து பார்த்தார். அம்மா என் முழங்காலை இறுக்கிப் பிடித்தாள்.

இருமல்தான்.

பிப்ரவரி 16, வியாழன்

கல்யாணம் எளிமையாக நடந்தது. ஜெமி என் மடியிலேயே தூங்கிவிட்டாள். மோதிரம் மாற்றும்போது எழுப்ப வேண்டும் என்றார்கள். எழுப்பினேன்.

பிப்ரவரி 18, சனி

எங்கள் பக்கத்தில் இரண்டாவதாக வருகிறவள் மூத்தவளுடைய தாய்க்கும் மகள். கல்யாணத்தன்றே அம்மா ரோஸ்லினைக் கட்டிப்பிடித்து, "இனி நீதான் எனக்குச் சலோமி" என்று அழுதாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

இன்று சாயங்காலம் நாலு மணிக்குப் பின்வாசலில் சத்தம். ரோஸ்லின். கையில் வயர் கூடை. கூடைக்குள் சலோமியுடைய ட்ரே.

"அக்கா, நாளைக்கு எங்க வீட்டாளுவ எல்லாம் வாராவ. அவிய ட்ரே வேணும்னு சொல்லிட்டாவ. சலோமி அக்கா உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாவளாம். எனக்குக் கொஞ்சம் சொல்லித் தாங்க."

நல்ல பெண். அதுதான் எரிச்சல். கெட்டவளாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். மருந்துக் கம்பெனி கொடுத்த சின்ன நோட்டில் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டாள். பாதி ஊற்றிவிட்டுக் காத்திருக்கிற கால் மணி நேரத்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். என் ட்ரேயை நானே கெடுப்பேனா? சொன்னேன்.

அழுத்துகிற இடத்தில்தான் சிக்கல். ஊசி போடுகிற கை, உறுதியாக அழுத்திவிட்டாள். ஒரு மூலை கூழாகிவிட்டது. இன்னொரு தடவை தொட்டாள், அதுவும் உடைந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது அவளுக்கு. "என்னால முடியலக்கா. அவிய மொகத்த நெனச்சாலே பயமா இருக்கு. நீங்களே அழுத்திருங்களேன். இந்த ஒரு தடவ."

உடைந்த ரொட்டியை எடுத்துவிட்டுப் புதிதாக அடுக்கினேன். ஊற்றினேன். அழுத்தினேன். அவள் கை முழுதும் முட்டை என்பதால் பெயர்ச் சீட்டையும் நானே எழுதினேன். 'ரோஸ்லின்.'

அவள் போனதும் அம்மா வந்து பீக்கரைக் கழுவிக் கவிழ்த்தாள். அம்மா பீக்கரைத் தொட்டது இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 19, ஞாயிறு

அத்தான் வீட்டில் சாப்பாடு. சாயர்புரத்திலிருந்து ரோஸ்லினுடைய அம்மா, இரண்டு அண்ணன்மார், அவர்கள் பிள்ளைகள். கூடம் நிறைந்திருந்தது.

அத்தான் ஒரு வாய் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார். தட்டைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தார்.

"அப்படியே சலோமி கை" என்றார். குரல் உடைந்துவிட்டது. "ரெண்டு வருசமாச்சு அத்தை. அப்படியே அவ கை. நூல் பிசகல. ரோஸ், உனக்கு எப்படி வந்துது இது?"

ரோஸ்லின் என்னைப் பார்த்தாள். அதே திருட்டு முழி. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கதவு மறைவில் பார்த்த முழி. இப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அக்காதான்..." என்று ஆரம்பித்தாள். நல்ல பெண் என்று எழுதினேன் அல்லவா.

"நான் சொல்லத்தான் செஞ்சேன்" என்றேன். "கை அவளோடது."

ஜெமி மூலைத் துண்டைக் கடித்துக்கொண்டே, "இது சித்தி ட்ரேப்பா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். "அவளுக்கு எல்லா ட்ரேயும் சித்தி ட்ரேதான்" என்று அத்தான் அவள் தலையைத் தடவினார். குழந்தை சொல்லுக்கு அவ்வளவுதான் மதிப்பு.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். இவ்வளவு நாள் தலைவலி, இருமல், வெங்காயம் என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். பொய்க்குப் பழகின கை. இன்றைக்கு உள்ளதை எழுதுகிறேன். நான் அவரை ஆசைப்பட்டேன். சலோமி இருக்கும்போது இல்லை, ஆண்டவருக்குத் தெரியும். அவள் போன பிறகு, ஒவ்வொரு ஞாயிறும் அவர் அந்தத் துண்டை வாயில் வைத்துக் கண்ணை மூடும்போது, இந்த வாரமாவது தெரியாதா, இது யார் கை என்று தெரியாதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பிள்ளைக்கு நான் தாயாக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவருக்குத் தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தால் என் கை அவருக்குச் சலோமி கை. துக்கமாக இருந்தால் ஒரு நூல் குறைச்சல். ஒருபோதும் அது என் கையாக இருக்கவில்லை.

பிப்ரவரி 25, சனி

மூன்று மணிக்கு ரோஸ்லின் போன். "அக்கா, ட்ரே எடுத்துட்டு வரட்டா?"

"லெந்துல கறி கெடையாதுல்லா."

"கறி இல்லாம போடுவோம்னு அவிய சொன்னாவ."

"நோட்டுல குறிச்சிருக்கல்லா. நீயே போடும்மா" என்றேன். "மொத ரெண்டு வாரம் கூழாத்தான் போவும். மூணாவது வாரம் கை பழகிரும்."

"அவிய கண்டுபிடிச்சிருவாவளே, அக்கா."

"கண்டுபிடிக்க மாட்டாவ" என்றேன். "அதெல்லாம் அவியளுக்கு வராது."

பிறகு பாத்திரக்கடைக்குப் போய்ச் சின்ன ட்ரே ஒன்று வாங்கிவந்தேன். முட்டை மூன்று, பால் இருநூற்றிருபத்தைந்து மில்லி, கறிக்குப் பதில் உருளைக்கிழங்கு. "லெந்துல முட்டையுமா? யாருக்குட்டி இது?" என்று அம்மா கேட்டாள். நமக்குத்தான் என்றேன். அம்மா வெங்காயத்தை எடுத்து உரிக்க உட்கார்ந்தாள்.

பிப்ரவரி 26, ஞாயிறு

கோயிலுக்குப் போகிற வழியில் பேக்கரிக்குப் போனேன். தாசன் அண்ணாச்சி ட்ரேயைக் கையில் தூக்கி எடை பார்த்தார். "என்ன டீச்சர், பாதியா கொறஞ்சிட்டு?" என்றார். பிறகு கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிச் சீட்டை வாசித்தார்.

"எப்சிபா. இது யாரு டீச்சர்?"

நான் பதில் சொல்வதற்குள் சீட்டை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். "பேரு புதுசா இருக்கு. கையெழுத்து அதேதான. சலோமி காலத்துலேர்ந்து இந்த எழுத்துதான வருது."

பன்னிரண்டு வருடத்தில் ஒருவர் கண்டுபிடித்துவிட்டார்.

"நான்தான் அண்ணாச்சி" என்றேன். இன்னொரு தடவையும் சொன்னேன். "எப்சிபா நான்தான்."

அவர் தலையை ஆட்டிவிட்டு, ட்ரேயை நீளத் துடுப்பில் வைத்துப் போர்மாவுக்குள் தள்ளினார். பத்தேகாலுக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்.